விஜயதசமியன்று பைத்தானைத் திட்டிய கதை

எனக்குக் கணினி மொழிகள் ஏழெட்டுத் தெரியும். அவற்றில் முக்கால்வாசி இப்போது யாருக்கும் வேண்டாம். மீதி தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆகவே எனக்கு ஒன்றுமே தெரியாது என்று என் மனைவி சொல்லும்போது நான் மறுப்பதில்லை. (மறுத்துப் பார்த்திருக்கிறேன். பலன் இல்லை.)

மனிதர்கள் பேசுகிற மொழிக்கு ஆயுசு அதிகம். கணினிக்கு உத்தரவு போடுகிற மொழிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நேற்று வரை ஊரே அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும். இன்றைக்கு “அதையா படிச்சீங்க?” என்று துக்கம் விசாரிக்கும். இத்தனைக்கும் எந்த மொழியும் செத்துப்போவதில்லை. பெரிய கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் இன்றும் விஷுவல் பேசிக்கில் எழுதிய புரோகிராம்தான் பில் போடுகிறது. எழுதியவன் நான். புதிதாக எழுதித் தருகிறேன் என்றால், “ஓடுறதை ஏன் சார் தொந்தரவு பண்ணணும்?” என்று காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார் கடைக்காரர். மொழிக்கு வேலை இருக்கிறது, அதைப் படிக்கத்தான் ஆள் வருவதில்லை. சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறவனுக்கு அது போதும், அடுப்பு அணைய.

நான் அப்படிப் பிழைத்தவன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். முதலாளி முத்தையா மண்ணச்சநல்லூர்க்காரர், பரம்பரையாக ரைஸ் மில் வைத்திருப்பவர். மகளைப் படிக்கவைக்க ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்தவர், சும்மா உட்கார முடியாமல் சென்டரை ஆரம்பித்தார். அதையும் மில் மாதிரியே நடத்தினார். “எந்த நெல்லு வருதோ அதை அரைக்கப்போறோம், நமக்கு என்ன வாத்தியாரே?” என்பார். விஷுவல் பேசிக் வந்தது, அரைத்தோம். சி வந்தது, அரைத்தோம். ஜாவா வந்தது. அதற்குப் பிறகு வேறு எதையும் அரைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

ஜாவாவை நான் ஒரு மொழியாகப் பார்க்கவில்லை, அரசாங்க உத்தியோகமாகப் பார்த்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில் என் மாமனார், “மாப்ளை பார்க்கிறது நிரந்தரமான வேலைங்களா?” என்று கேட்டார். லால்குடிப் பக்கம் வாழை போடுகிறவர். காற்றடித்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். “உலகத்துல கடைசிக் கம்ப்யூட்டர் இருக்கிற வரைக்கும் ஜாவா இருக்கும் மாமா” என்றேன். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் மல்லிகாவைக் கொடுத்தார். அவள் கணக்கில் பட்டம் வாங்கியவள். அவளிடம் கேட்டிருந்தால் நிரந்தரம் என்ற சொல்லுக்குக் கொஞ்சம் விளக்கம் கேட்டிருப்பாள். அவளை யாரும் கேட்கவில்லை.

வினை கோமதி அக்கா வடிவத்தில் வந்தது. அக்கா முதலாளியின் மனைவி. சென்டரில் முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுப்பது, அட்மிஷன் போடுவது, ஏ.சி.யை அணைப்பது எல்லாம் அவர்தான். அவருடைய தம்பி துவாக்குடியில் இன்ஜினீயரிங் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்தினார். அங்கே சாப்பிட வருகிற பிள்ளைகள் ரசம் ஊற்றும்போதுகூடப் பைத்தான், பைத்தான் என்று பேசிக்கொள்கிறார்களாம். தம்பி அக்காவிடம் சொன்னார், அக்கா முதலாளியிடம் சொன்னார், முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“புதுசா ஏதோ பைத்தானாமே வாத்தியாரே? ஜாவாவை எடுத்துட்டு அதைப் போட்டுருவோமா?”

இரண்டையும் சேர்த்து நடத்த இடம் கிடையாது. ஒரே கூடம், பாதி கம்ப்யூட்டர்தான் ஒழுங்காக ஓடும். பைத்தான் எனக்குத் தெரியாது. அதை நடத்த துவாக்குடியிலிருந்து டீ-சர்ட் போட்ட ஒரு பையனைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள், நான் வெளியே நிற்பேன் என்பது கண்ணுக்கு முன்னால் படமாக ஓடியது. தாமதமாகக் கல்யாணம் ஆனவன் நான். மல்லிகா அப்போது மாசமாக இருந்தாள். ஜாவாவைக் காப்பாற்றுவது என்றால் என் வேலையைக் காப்பாற்றுவது, அவ்வளவுதான்.

எந்த மொழி எத்தனை பேருக்கு வேண்டியிருக்கிறது என்று கோடு கோடாகப் போட்டுக் காட்டுகிற படங்கள் இணையத்தில் உண்டு. அதில் ஒன்றை மானிட்டரில் போட்டு முதலாளிக்குக் காட்டினேன்.

“பாருங்கய்யா, மேல இருக்கிற கோடு ஜாவா. தோ, கீழ ஓரத்துல கெடக்குது பாருங்க, அதுதான் பைத்தான்.”

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நெல் சாம்பிள் பார்க்கிற அதே கவனத்தோடு பார்த்தார். “இது கீழேருந்து மேல ஏறுதுல்ல?”

“ஏதோ கொஞ்சம்.”

“அது?”

“அது மேலயே நிக்குதுங்கய்யா.”

“நிக்கிற மாதிரித் தெரியலையே. லேசா எறங்குறாப்ல இருக்கே.”

“அது மானிட்டர் சாஞ்சிருக்குங்கய்யா.”

அவர் மானிட்டரை நிமிர்த்தினார். கோடு நிமிரவில்லை. நான் ஜாவாவின் பெருமைகளை வேகமாக எடுத்துவிட ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அக்கா குறுக்கே வந்தார்.

“எதுக்கு ரெண்டு பேரும் மல்லுக்கட்டுறீங்க? ஆத்தாகிட்டப் பூ கேட்டுருவோம்.”

பூ கேட்பது அந்தக் குடும்பத்தில் பெரிய விஷயம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டி சந்நிதியில் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். எந்தப் பூ வருகிறதோ அதுதான் முடிவு. மில்லுக்கு மோட்டார் வாங்கியது, மகளுக்கு வரன் முடித்தது எல்லாம் இப்படித்தான். அறிவியல் படித்தவன் என்ற முறையில் நான் இதை எதிர்த்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கோட்டுப் படத்தைவிடப் பூவில் எனக்கு வாய்ப்பு அதிகம் இருப்பதாகத் தோன்றியது. உடனே ஒப்புக்கொண்டேன்.

மண்ணச்சநல்லூருக்கு வெளியே வயல் நடுவில் அவர்கள் குலதெய்வக் கோயில். மூன்று பேரும் போனோம். பூசாரி பொட்டலங்களைத் தட்டில் வைத்துக் குலுக்கினார்.

“வெள்ளைக்கு ஒண்ணு, செவப்புக்கு ஒண்ணு மனசுக்குள்ள நெனச்சுக்குங்க. வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஆத்தா குடுக்குறதை, காரியம் தொடங்குற வரைக்கும் உங்களுக்குள்ளகூடப் பேசிக்கக் கூடாது.”

மூன்று பேரும் ஒரே மாதிரி நினைக்க வேண்டாமா என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் வீட்டில் வெள்ளை என்றால் புதுக் காரியத்தைத் தொடங்கு, சிவப்பு என்றால் பழையதிலேயே இரு என்பது காலங்காலமாக ஊறிய வழக்கமாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூட வெளியாளுக்குத் தோன்றாத அளவுக்கு இயல்பான வழக்கம். நான் அரியமங்கலத்தில் பிறந்தவன், பட்டறை வைத்திருந்த குடும்பம், நாங்கள் யாரிடமும் எதற்கும் பூ கேட்டதில்லை. எனவே என் சொந்த மூளையை உபயோகித்தேன். வெள்ளை நல்ல நிறம், ஜாவாவுக்கு. சிவப்பு அபாயம், பாம்பின் பெயரை வைத்துக்கொண்டு திரிகிற அந்த மொழிக்கு.

பூசாரி பிரித்தார். வெள்ளை.

முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். (பேண்ட் முட்டியில் கிழிந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.) திரும்பி வரும்போது காரில் யாரும் எதுவும் பேசவில்லை. அவர்கள் இருவரும் பைத்தானுக்காகவும் நான் ஜாவாவுக்காகவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே கொள்ளிடத்தைத் தாண்டினோம்.

புது வகுப்பை விஜயதசமியன்று தொடங்குவது என்று முடிவாயிற்று. என்ன வகுப்பு என்பது அன்றுதான் அறிவிக்கப்படும் என்று நோட்டீஸ் அடித்தார்கள். ஊரில் ஒரு பரபரப்பு ஏற்பட்டது. அக்கா தன் தம்பியிடம் சொல்லி ப்ளெக்ஸ் பேனர் அடித்துவந்து, மேடைக்குப் பின்னால் கட்டி, மேலே ஒரு பட்டுச் சேலையைப் போட்டு மூடிவிட்டார். என்னை வரவேற்புரையும் பாடத்தைப் பற்றிய அறிமுக உரையும் நிகழ்த்தச் சொன்னார்கள். நான் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். மல்லிகா, “என்ன பாடம்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?” என்று கேட்டாள். ஆத்தா சொல்லிவிட்டாள் என்று மர்மமாகச் சிரித்தேன்.

விழாவுக்குக் கூடம் நிறைந்துவிட்டது. பெற்றோர்கள், பிள்ளைகள், மருந்துக்கடைக்காரர். முன்வரிசையில் என் மாமனார் வாழைத்தாரோடு வந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை மேடையில் பேசி அவர் பார்த்ததில்லை. மல்லிகா கடைசி வரிசையில் ஃபேனுக்குக் கீழே. தலைமை, உத்தர வீதியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர் வரதராஜன் ஸ்வாமி. பளிச்சென்று திருமண், மடிப்புக் கலையாத வேஷ்டி. குத்துவிளக்கு ஏற்றினார்கள். நான் மைக்கைப் பிடித்தேன்.

வரவேற்றுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தேன். முதலில் எதிரியை ஒழித்துவிட்டுப் பிறகு ஜாவாவைப் பல்லக்கில் ஏற்றுவது என்பது என் திட்டம்.

“பெற்றோர்களே, பைத்தான் என்று ஒரு மொழி கிளம்பியிருக்கிறது. ஏமாந்துவிடாதீர்கள்!” என்று ஆரம்பித்தேன். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “அதில் வரிகளைக் கட்டிப்போட அடைப்புக்குறி கிடையாது. வெறும் இடைவெளியை வைத்து ஓடுகிற மொழி அது. வேலி போடாத வாழைத்தோட்டம்!” மாமனார் பலமாகத் தலையாட்டினார். எனக்கு ஏறிவிட்டது.

அப்போது அக்கா கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். நல்ல நேரம் முடியப்போகிறது. என் பேச்சு முடிகிற மாதிரி இல்லை. காரியத்தை நேரத்தோடு தொடங்கியாக வேண்டும் என்று, சத்தமில்லாமல் போய்ச் சேலையை இழுத்துவிட்டார். எனக்குப் பின்னால், என் உயரத்துக்கு இரண்டு மடங்கு பெரிய எழுத்தில், ‘காலத்தை வெல்லும் பைத்தான்! இன்றே சேருங்கள்!’ என்று பேனர் திறந்தது. அதில் என் போட்டோவும் இருந்தது. ‘பைத்தான் வித்தகர்’ என்று போட்டிருந்தார்கள்.

கூடம் சிரித்தது. கைதட்டியது. என் நகைச்சுவைக்குத்தான் என்று நினைத்தேன். இதற்கு முன் என் பேச்சுக்கு யாரும் சிரித்ததில்லை என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

“சிரிக்காதீர்கள்!” என்று கர்ஜித்தேன். “அதைப் படிக்கிறவனும் உருப்பட மாட்டான், சொல்லிக் கொடுக்கிறவன் அதற்கு மேல் உருப்பட மாட்டான்!” சிரிப்பில் மருந்துக்கடைக்காரர் நாற்காலியோடு சாய்ந்தார். கடைசி வரிசையில் மல்லிகா எழுந்து நின்று, என் முதுகுப் பக்கம் கையைக் காட்டினாள். சட்டை வெளியே வந்துவிட்டது போலிருக்கிறது என்று மேடையிலேயே சட்டையை உள்ளே சொருகிக்கொண்டேன். அவள் இன்னும் வேகமாகக் காட்டினாள். நிமிர்ந்து நில்லுங்கள் என்கிறாள் என்று புரிந்துகொண்டு நெஞ்சை விரித்தேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“இந்த ஊரில் ஒரே ஒருத்தனுக்குப் பைத்தானால் வேலை கிடைக்கட்டும், என் மீசையை எடுத்துவிடுகிறேன்! இதை இந்தச் சென்டரில் நடத்துவதாக இருந்தால், நடத்துகிறவன் முகத்தைப் பார்த்துக் கேட்பேன், வெட்கமாக இல்லையா என்று!” சொல்லிவிட்டு, கற்பனையில் நிற்கிற அந்த டீ-சர்ட் பையனைப் பார்த்துக் கேட்பதாக ஆவேசமாகத் திரும்பினேன். என் போட்டோ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் மைக்கில் சொன்ன ஒரே சொல் “ஐயய்யோ” என்பதுதான். அது நன்றாகக் கேட்டதாகச் சொன்னார்கள். முதலாளியின் முகம் உமி மாதிரி நிறமில்லாமல் இருந்தது. மாமனார் மட்டும் இதுவும் பேச்சில் ஒரு பகுதி என்று நினைத்து விடாமல் கைதட்டிக்கொண்டிருந்தார். வேலை போயிற்று, குழந்தை பிறக்கப்போகிறது, ஊர் முழுக்கச் சிரித்தாயிற்று என்று மூன்றும் ஒரே சமயத்தில் உறைத்தன. அவமானத்தில் காது சுட்டது. கீழே மருந்துக்கடை வழியாக இறங்கி அப்படியே காவிரிக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். (தண்ணீர் குறைவாக இருந்த வருஷம். அதுவும் நடந்திருக்காது.)

வரதராஜன் ஸ்வாமி மெதுவாக எழுந்து மைக்கை வாங்கினார்.

“எல்லாரும் சிரிக்கறேள். வாத்தியார் என்ன பண்ணினார்னு புரிஞ்சுண்டேளோ?” என்றார். “நம்ம சம்பிரதாயத்துல நிந்தா ஸ்துதின்னு ஒண்ணு உண்டு. மேலுக்கு வையறாப்பல இருக்கும், உள்ளே அத்தனையும் ஸ்தோத்ரம். பெருமாளையே அப்படி வைதிருக்கா. ஒரு லாங்வேஜைப் புகழ்ந்து பேசினா நீங்கள்ளாம் இத்தனை நாழி ஒக்காந்து கேட்டிருப்பேளா? தன் போட்டோக்கு முன்னாடியே நின்னுண்டு, தன்னையே வைதுண்டு, ஒரு மனுஷன் இப்படி அழகா அறிமுகம் பண்ணி அடியேன் பார்த்ததில்லே.”

கூடம் ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு கைதட்டல் இடித்தது. அவர் நம்பித்தான் சொன்னாரா, என்னைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் வரவில்லை. உத்தர வீதிப் பக்கம் போகும்போது கை தானாகக் கும்பிடும். அன்றே அட்மிஷனுக்கு முன்மேசையில் வரிசை நின்றது. முதலாளிக்கு முகத்தில் நிறம் திரும்பியது.

“இப்படி ஒரு வித்தையைக் கையில வச்சுக்கிட்டு, இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே வாத்தியாரே!” என்று என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அக்கா அவ்வளவு சுலபமாக ஏமாறுகிற ஆள் இல்லை. கூட்டம் கலைந்ததும் தனியாகக் கூப்பிட்டார்.

“உண்மையைச் சொல்லுங்க. வெள்ளைக்கு என்ன நெனச்சீங்க?”

“ஜாவாக்கா.”

அக்கா சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, பைத்தான் தெரியுமா, தெரியாதா?” என்றார்.

“தெரியாதுக்கா. நீங்க புது ஆள் போடுவீங்கன்னு நெனச்சேன்.”

“எதுக்குப் புது ஆளு? நெல்லு மாறுனா மில்லையா மாத்துவாங்க? திங்கக்கெழமை கிளாஸு. அதுக்குள்ள படிச்சுட்டு வாங்க.”

என்னை அனுப்புகிற எண்ணமே அவர்களுக்கு இருந்ததில்லை. அத்தனை நாள் பயமும் வீண். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அதைப் பார்க்காத மாதிரி ஏ.சி.யை அணைக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால், அடைப்புக்குறி இல்லாத அந்த வரிகளைப் பார்க்கவே எனக்குக் கண் கூசியது. மேடையில் திட்டியது போலவே திட்டிக்கொண்டு படித்தேன். சாய்ந்து உட்கார்ந்திருந்த மல்லிகா எட்டிப் பார்த்து, “இதுல என்னங்க கஷ்டம்? நாம சொல்றது அப்படியே இருக்கு” என்றாள். அந்த வாரக் கடைசியில் அவள் என்னைவிடப் பத்துப் பக்கம் முன்னால் இருந்தாள். வகுப்பில் பிள்ளைகள் கேட்கிற சந்தேகங்களை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டுக்கொண்டு போய்ச் சொன்னேன். மகள் பிறந்து கொஞ்சம் வளர்ந்ததும் மல்லிகாவே சென்டருக்குப் பாடம் எடுக்க வந்தாள். இப்போது வீட்டில் இருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிறாள். சம்பளம் என்னைவிட அதிகம். என் மாமனார் யாரிடமாவது என்னை அறிமுகப்படுத்தும்போது, “மாப்ளை நிரந்தரமான வேலைல இருக்காரு. மக சம்பாதிக்குது” என்பார்.

மீசையும் போயிற்று. எங்கள் முதல் பைத்தான் வகுப்பில் படித்த ஒரு பெண் வேலை கிடைத்து ஸ்வீட் பெட்டியோடு வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை, என் மேலுதட்டை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். மகளின் காதுகுத்துப் போட்டோவில் மீசை இல்லாமல் நிற்பவர் யார் என்று இன்றும் உறவினர்கள் கேட்கிறார்கள்.

ஆனால் நிலைத்தது வேறொன்று. நான் எந்த மொழியைத் திட்டினாலும் அது ஓஹோவென்று வருகிறது என்பது எங்கள் வீட்டில் சாஸ்திரமாகிவிட்டது. கல்லூரியில் சேரப்போகிற உறவுக்காரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, நான் எதைப் பரிந்துரைக்கிறேன் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டு, அதை விட்டுவிட்டு மற்றதைச் சேர்த்துவிடுகிறார்கள். முத்தையாவும் இப்போது பூ கேட்கப் போவதில்லை. போன வருஷம் என்னைக் கூப்பிட்டார்.

“வாத்தியாரே, நம்ம சென்டர்ல இந்த ஏ.ஐ. வகுப்பு ஆரம்பிக்கிறோம். மொழியே படிக்க வேணாமாம், தமிழ்ல சொன்னாலே அதுவா எழுதிக்கிதாம். விஜயதசமிக்கு மேடையேறி நல்லாத் திட்டிக் குடுங்க.”

ஏறினேன். இந்த முறையும் நடிக்க வேண்டிய அவசியமே இல்லை, வயிற்றெரிச்சலோடு மனசாரத் திட்டினேன். நாற்காலி போதவில்லை. முதலாளி சால்வை போர்த்தினார். மல்லிகாவோடு வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு மனசு கனத்திருந்தது. இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்டதை நினைத்துக்கொண்டு, “என்ன இருந்தாலும் மல்லிகா, ஜாவா மாதிரி ஒரு...” என்று ஆரம்பித்தேன்.

மல்லிகா பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள். “அதைப் பத்தி மட்டும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிடாதீங்க. அதை வச்சும் எத்தனையோ குடும்பம் பொழைக்குது.”